ஐஸ் ஷூ வைக்க ஒரு பை

கடலூர்ப் பக்கம் ஐஸைப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டே இடங்கள்தான். துறைமுகத்தில் மீன் பெட்டி, சாவு வீட்டில் கண்ணாடிப் பெட்டி. இரண்டிலும் படுத்திருப்பவர்களுக்குக் குளிர் தெரியாது. இப்படிப்பட்ட ஊரில் என் மகள், ஐஸ் மேல் சறுக்குகிற ஷூ ஒரு ஜோடிக்குச் சொந்தக்காரி ஆனாள்.

சக்கர ஷூவில் அவள் சின்ன வகுப்பிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் பயிற்சி. நான் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் காவல் காப்பேன். ஒருநாள் அவளுடைய மாஸ்டர் என்னிடம் வந்தார்.

"உங்க பொண்ணுக்கு பேலன்ஸ் நல்லா இருக்குது சார். சக்கரத்துல இப்படி நிக்கிறவ ஐஸ்ல தாராளமா நிப்பா."

நான் சும்மா நிற்கும்போதே தடுக்கி விழுகிறவன். அந்த பேலன்ஸ் அவள் அம்மா வழி என்பதை அங்கேயே ஒப்புக்கொண்டேன். வடக்கே ஒரு மலையூரில் ஐஸ் தளம் இருக்கிறதாம், மே மாத லீவில் பத்து நாள் முகாமாம், இங்கிருந்து நாலைந்து பெண்களை அழைத்துப் போகிறாராம். அவருடைய நண்பரின் மகளுக்குச் சிறியதாகிப்போன ஷூ ஒன்றையும் வாங்கிக் கொடுத்தார். வெள்ளைத் தோல், கணுக்காலுக்கு மேலே வரை கயிறு, அடியில் சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஓர் இரும்புத் தகடு. என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாங்க இது, அருவாமணையைப் புடுங்கி ஷூவுல தெச்சி வெச்சிருக்கான்?"

இதைவிடச் சரியான விளக்கத்தை நான் அதற்குப் பிறகு எங்கும் படிக்கவில்லை.

எனக்குக் கடலூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. எங்கள் வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால், உட்காருவதை மிகுந்த பொறுப்போடு செய்துவருகிறேன். அதிலும் ஆபீசில் எனக்கு ஜன்னலோர இடம். நான் கேட்கவே இல்லை. சேர்ந்த புதிதிலேயே எல்லாருமாகச் சேர்ந்து, "காத்தோட்டமா நீங்க அங்க உக்காருங்க," என்று கொடுத்துவிட்டார்கள். அனுபவஸ்தர்கள் வேர்த்து வடிய உள்ளே உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் வேப்ப மரக்காற்று. நம் முகத்தில் ஏதோ ஒரு களை இருக்கிறது போல என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

வீடு குடிகாட்டில். எங்கள் ஊருக்கு அடையாளம் சொல்வது சுலபம். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு பஸ் ஏறுங்கள். ரசாயனத் தொழிற்பேட்டை ஆரம்பிக்கும் இடத்தில் ஜன்னல் ஷட்டர்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். கர்ச்சீப், துப்பட்டா, முந்தானை எல்லாம் மூக்குக்கு மேலே ஏறும். அந்த நேரம் பார்த்து மூக்கைத் திறந்தபடி எவன் எழுந்து நிற்கிறானோ அவன் எங்கள் ஊர்க்காரன். கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டியதே இல்லை. என் மகள் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் கேட்டாள்: "நம்ம ஊரு வந்தா மட்டும் ஏம்ப்பா எல்லாரும் கர்ச்சீப் எடுக்கிறாங்க?"

"நாம எறங்கப் போறோம்ல பாப்பா. அழுவுறாங்க," என்றேன்.

ரொம்ப நாள் அதை நம்பினாள். இறங்கும்போது பஸ்ஸில் இருப்பவர்களுக்கெல்லாம் கையசைத்துவிட்டுத்தான் இறங்குவாள்.

ஷூ வந்துவிட்டது. அதை வைக்கப் பை இல்லை. ஜவுளிக்கடையில் புடவை எடுத்தால் கொடுக்கிற கட்டைப்பை ஒன்று வீட்டில் இருந்தது. மரக்கட்டைப் பிடி, பக்கவாட்டில் நகையும் பட்டுமாக ஒரு மணப்பெண்ணின் படம். அதில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பஸ் நிற்குமிடத்துக்குப் போகிற ஷேர் ஆட்டோவிலேயே தகடு பையைக் கிழித்துக்கொண்டு மணப்பெண்ணின் கழுத்து வழியாக எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பெரியவரின் தொடையை அது உரசியதும் அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கோர்ட்டுல இருக்கேன்னியே தம்பி. உள்ளயா, வெளியயா?"

ஆட்டோவே சிரித்தது. நானும் சிரித்தேன். என் மகள் சிரிக்கவில்லை.

சிதம்பரத்தில் அவளோடு பயிற்சிக்கு வருகிறவர்களில் ஒரு டாக்டர் வீட்டுப் பெண் உண்டு. அன்று அவளும் தன் ஐஸ் ஷூவைக் கொண்டுவந்திருந்தாள். அதற்கென்றே செய்த பை. கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் ஒரு வடிவம், சாம்பல் நிறத்தில் ரோஸ் கோடு, காற்றுப் போக வலை, இடது காலுக்கும் வலது காலுக்கும் தனித்தனி அறை. எங்கள் வீட்டில்கூட ஆளுக்கொரு அறை கிடையாது. இன்னொரு பெண் எங்கள் கட்டைப்பையைப் பார்த்து, "கல்யாணத்துக்குப் போய்ட்டு வர்றியா?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்டதாகத் தெரியவில்லை. என் மகள் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னுடையது. எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: "அப்பா, நான் முகாமுக்குப் போகல."

"ஏம்மா?"

"அந்தப் பையோட போகல."

"பைதான? வேற பை வாங்கிட்டாப் போவுது."

ஷூவின் கயிற்றை விரலில் சுற்றினாள். பிறகு, "அவுங்ககிட்டல்லாம் நான் கடலூருன்னுதான் சொல்லியிருக்கேன்," என்றாள். "குடிகாடுன்னு சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க."

அதற்குள் ஷட்டர்கள் இறங்க ஆரம்பித்தன. நாங்கள் எழுந்து நின்றோம்.

அன்றிலிருந்து பை வேட்டை. முதலில் போனில் தேடினேன். ஐஸ் ஷூவுக்கென்றே பைகள் கொட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றும் அத்தனை அழகு. விலையைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கண்ணாடியில் தப்பு இல்லை. கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு பைக்கடைக்குப் போனேன்.

"லேப்டாப் என்னா சைஸ் சார்?" என்றார் கடைக்காரர்.

"லேப்டாப் இல்ல. ஷூவுக்கு."

"ஷூவுக்கு எதுக்கு சார் பை? கால்ல போட்டுக்கிட்டுப் போலாமே."

நியாயமான கேள்விதான். ஷூவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். கடைக்காரர் தகட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத வெச்சி என்னா சார் செய்வாங்க?"

"ஐஸ் மேல ஓடுவாங்க."

"தொறமுகத்துலயா?"

இருந்தாலும் நல்ல மனிதர். கிரிக்கெட் மட்டைப் பை, டிபன் கேரியர் பை, கல்யாணப் பெண்ணின் மேக்கப் பெட்டி என்று ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டார். மட்டைப் பையில் ஷூ ஒரு மூலையில் தொலைந்துபோனது. டிபன் பையில் ஒரு கால் மட்டும் நுழைந்தது. மேக்கப் பெட்டியைத் திறந்தால் மூடியில் கண்ணாடி. அதில் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் மூடிவிட்டேன். கடைசியில் ஒரு மெல்லிய துணிப்பையில் ஷூவை இறக்கினேன். தகடு அடியைக் கிழித்துக்கொண்டு மேஜைமேல் வந்து நின்றது. "பரவால்ல சார், வெச்சிட்டுப் போங்க," என்றார். ஷூவையா பையையா என்று கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஸ்டைலும் மலிவும் எங்கள் கோர்ட்டுக்கு வருகிற சில தம்பதிகளைப் போல. தனித்தனியாகப் பார்த்தால் தங்கமானவர்கள். ஒரே படிக்கட்டில் நிற்க மாட்டார்கள்.

நான் தினமும் வெறுங்கையோடு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன், ஒரு சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்கிறவர்.

"தம்பி, நம்மகிட்ட துணி கெடக்குறப்ப நீ எதுக்கு லாரன்ஸ் ரோடு பூரா அலையிற?"

அவர் சொன்னது பில்டர் துணி. கம்பெனிகளில் கரைசலை ஊற்றி வடிகட்டுகிற கெட்டித் துணி. பழசானதும் கழித்துப் போடுவார்கள். அது காயலான்கடை வழியாக எங்கள் ஊருக்குள் வந்துவிடும். எங்கள் தெருவில் அது இல்லாத வீடே கிடையாது. பாத்ரூம் மறைப்பு அது, ஆட்டுக் கொட்டகைக்கு மழைத் தடுப்பு அது, மோட்டார் பைக்குக்குப் போர்வை அது. எத்தனை வருஷம் ஆனாலும் இற்றுப்போகாது. அண்ணன் பரணிலிருந்து ஒரு சுருளை எடுத்து உதறினார். பால் வெள்ளை. என் மனைவி அருவாமணையை எடுத்துவந்து அதன்மேல் இழுத்துப் பார்த்தாள். கீறல் விழவில்லை. தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் வடிந்தது. ஈரமான ஷூவுக்கும் கூர்மையான தகட்டுக்கும் ஆண்டவன் யோசித்துச் செய்த துணி மாதிரி இருந்தது. இலவசம் வேறு. பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினோமே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

என் மனைவிக்குத்தான் சந்தேகம் வந்தது. "வாட கீட இருக்கப்போவுதுங்க. பத்து நாளு நாலு பேரு மத்தியில வெச்சிருக்கப்போறா."

சோப்புத் தூளில் ஊறவைத்து, கல்லில் அடித்து, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டு, மறுபடி ஊறவைத்தோம். பிறகு தெருவைக் கூப்பிட்டோம். அண்ணன் மோந்தார். "ஒண்ணுமில்ல தம்பி." அண்ணி மோந்தார். "சுத்தமா இருக்குது." எதிர்வீட்டுக்காரர் சாப்பாட்டை நடுவில் விட்டு எழுந்துவந்து மோந்து, "எங்க வீட்டுப் போர்வைய விட நல்லாருக்குது," என்றார். என் மகள் அந்தத் துணியில் முகத்தை முழுக்கப் புதைத்து மூச்சை இழுத்தாள்.

"சோப்பு வாசனைதாம்ப்பா வருது."

எங்கள் தெருவின் மூக்குகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டன. அப்பீல் போக யாரும் இல்லை.

என் மச்சானுக்குச் சிதம்பரத்தில் வடக்கு வீதியை ஒட்டிய சந்தில் கார் சீட் கவர் தைக்கிற கடை. மனைவியின் தம்பி. துணியோடு போய் நின்றேன்.

"காருக்கே சட்ட போட்டு அனுப்புறவன் மாமா நானு," என்றான். "ஷூவுக்குத் தெக்க மாட்டனா?"

துணியை மேஜையில் விரித்தான். இரண்டு தும்மல் தும்மினான். மூக்கைத் தேய்த்துக்கொண்டே என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, மின்விசிறியைக் கூட்டி வைத்தான்.

"வெயிலு ஜாஸ்தி இல்ல மாமா," என்றான்.

"ஆமா," என்றேன்.

தைத்துக்கொடுத்தானே ஒரு பை. டாக்டர் வீட்டுப் பையின் படத்தை என் மகள் போனில் காட்டியிருந்தாள்; அதே வடிவம். ஓரமெல்லாம் ஏதோ ஒரு பெரிய காருக்குத் தைத்து மிஞ்சிய நீலப் பட்டி. தோளில் மாட்ட சீட் பெல்ட் நாடா. இரண்டு காலுக்கும் தனித்தனி அறை, உள்ளே தகடு படுகிற இடத்தில் இரட்டைத் துணி. பார்த்ததும் என் மகள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணாடி முன்னால் போய் நின்று, தோளில் மாட்டி, இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, பிறகு ஜிப்பை மூடித் திறந்து மூடினாள். "போலாம்ப்பா," என்றாள். முகாமுக்குப் போகிறேன் என்பதை அவள் சொன்ன விதம் அது.

ரயில் ஏற்றிவிடும்போது டாக்டரின் மனைவி கேட்டார்: "பை ரொம்ப ஸ்டைலா இருக்கே. எங்க சார் வாங்கினீங்க?"

"ஆர்டர் குடுத்து வரவழைச்சது மேடம்."

"ஃபாரினா?"

"கிட்டத்தட்ட," என்றேன்.

என் மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். ரயில் நகர்ந்தபோது கதவருகில் அந்தப் பையோடு அவள் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. மற்றப் பெண்களுக்கு நடுவில் அவள் தனியாகத் தெரியவில்லை. அதற்குத்தானே இத்தனை பாடும்.

முதல் நாள் போன் செய்தாள். குளிராம். சப்பாத்தியாம். விழுந்தாளாம், எழுந்தாளாம். "ஐஸு எப்படிம்மா இருக்குது?" என்றேன். "வழுக்குதுப்பா," என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். மறுநாள் போன் இல்லை. அதற்கடுத்த நாள் சாயங்காலம் அழைத்தபோது குரல் உள்ளே இறங்கிப்போயிருந்தது.

அவர்கள் தங்கியிருந்த அறையில் ஹீட்டர் உண்டாம். பயிற்சி முடிந்து வந்ததும் எல்லாரும் ஈர ஷூவோடு பைகளைச் சுவரோரம் வைப்பார்களாம். ஐஸ் உருகி ஒழுகும். இரண்டாம் நாள் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஏதோ நெடி வருகிறது என்றாளாம். கேஸாக இருக்கும் என்றாள் இன்னொருத்தி. காவலாளியைக் கூப்பிட்டார்கள். அவர் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தார், பாத்ரூமில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், ஜன்னலைத் திறந்துவிட்டார். பெண்களெல்லாம் குளிரில் நடுங்கிக்கொண்டே தேடினார்கள்.

"நானுந்தாம்ப்பா தேடினேன்," என்றாள். "கட்டிலுக்கு அடியில எல்லாம் குனிஞ்சி பாத்தேன். எனக்கு ஒண்ணுமே வரல. ஆனா எல்லாரும் வருதுன்னாங்களேன்னு தேடினேன்."

"அப்புறம்?"

"ஒருத்தி ஒவ்வொரு பையா மோந்துக்கிட்டே வந்தா. எங்கிட்ட வந்து நின்னுட்டா."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"டாக்டர் வீட்டுப் பொண்ணு இருக்காள்ல, அவளும் வந்து மோந்தா. 'கடலூர் போற வழியில ஒரு எடத்துல வருமே, அந்த வாடை'ன்னா. அப்புறம் என்னப் பாத்து, 'நீ அந்த ஊரா?'ன்னு கேட்டா."

"நீ என்னா சொன்ன?"

"பையை எடுத்துட்டுப் போய் வராந்தாவுல வெச்சிட்டேன்."

எனக்கு எந்தச் சாவுக்கும் ஒரு ஜோக் உண்டு என்று ஆபீசில் பெயர். "போவட்டும் பாப்பா, பைக்கும் ஊரச் சுத்திப் பாக்க ஆச இருக்காதா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பிறகு கேட்டாள்.

"எனக்கு ஏம்ப்பா வரல?"

டவர் சரியில்லை போலிருக்கிறது என்றேன். டவர் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு மச்சான் கடைக்குப் போனேன். யார்மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. அதற்கு மச்சானைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்.

"தெக்கிறப்ப ஒனக்கு வாட வரலையா?" என்றேன்.

மெஷினில் இருந்து காலை எடுக்காமல், "வந்துச்சி மாமா," என்றான்.

"வந்துச்சா? வந்துச்சின்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னா?"

மெஷின் நின்றது. தைத்துக்கொண்டிருந்த ரெக்ஸினை நீவிவிட்டான். நீவினதையே மறுபடி நீவினான்.

"துணியிலேர்ந்து வருதுன்னு தெரியல மாமா. நீங்க வந்தா எப்பவும் வர்றதுதானேன்னு நெனச்சிட்டேன்."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. "டீ சொல்றேன் மாமா," என்று எழுந்து சந்தைத் தாண்டி ஓடினான். டீ வர வெகுநேரம் ஆனது. கடையில் நான் மட்டும். அவன் கல்யாணத்தில் எங்களைக் கடைசிப் பந்தியில் வாசலோரம் உட்காரவைத்தது ஞாபகம் வந்தது. காற்று வரும் என்று சொன்னார்கள். அவன் வீட்டுக்குப் போனால் அவன் மனைவி ஓடிவந்து ஜன்னல்களைத் திறப்பாள். எங்களுக்குப் புழுங்கக் கூடாதென்று இவ்வளவு பாசமா என்று திரும்பி வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவோம். அவன் அக்கா அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் போனாலும் ஜன்னல் திறந்தது.

அவன் சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை.

ஆபீசுக்குப் போனதும் என் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். தாவா மனு ஒன்றை டைப் அடிக்க ஆரம்பித்தேன். இரண்டு பக்கம்கூட முடியவில்லை, பக்கத்து மேஜைக்காரர் எழுந்துவந்தார். "காத்து வரட்டும் சார்," என்று சொல்லித் திறந்தார். மரியாதையாகத்தான் திறந்தார். இத்தனை வருஷமும் என் முகத்தின் களைக்குக் கிடைத்த மரியாதை அது.

முகாம் முடிந்து ரயில் சிதம்பரத்துக்கு வந்தது. என் மகள் ஷூ இரண்டையும் கயிற்றால் முடிந்து, கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு இறங்கினாள். மச்சான் தைத்த பை மடிக்கப்பட்டு, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள், அந்தக் கவர் இன்னொரு கவருக்குள், மேலே இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது.

"நல்லாக் கத்துக்கிட்டாளாம் சார் உங்க பொண்ணு," என்றார் டாக்டரின் மனைவி. "வெயில்ல எதுக்கு நடக்குறீங்க? பஸ் ஸ்டாண்டுல விட்டுர்றோம், வாங்க."

உண்மையிலேயே நல்லவர். மறுத்தால் தப்பாக இருக்கும் என்று ஏறினோம். காரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தெரு முனை திரும்பும்போது ஜன்னல் கண்ணாடிகள் நான்கும் சத்தமில்லாமல் இறங்கின. மே மாதத்து வெயில் காருக்குள் வந்து உட்கார்ந்தது.

"இயற்கைக் காத்துதான் நல்லது இல்ல சார்?" என்றார் அவர்.

"ஆமா மேடம். உடம்புக்கு நல்லது," என்றேன்.

டாக்டர் வீட்டுப் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தொழிற்பேட்டை ஆரம்பித்தது. முன்சீட்டு ஷட்டர் இறங்கியது, பின்னால் இன்னொன்று. கர்ச்சீப்புகள் வெளியே வந்தன. நான் வழக்கம்போல எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் எழவில்லை.

"அப்பா," என்றாள்.

"என்னம்மா?"

"வருதுப்பா."

துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பிறந்து வளர்ந்த இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பத்து நாள் வேறு காற்றில் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். துப்பட்டாவுக்கு மேலே கண்ணில் நீர் நின்றது.

"அழுவுறாங்கன்னு சொன்னீங்களேப்பா," என்றாள் துணிக்குள்ளிருந்து.

கண்டக்டர் விசில் ஊதினார். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தி மூக்கை மூடியிருக்கிறாள், ஒருத்தன் திறந்திருக்கிறான்; இறங்குகிறவர்கள் யார் என்று அவருக்குக் குழப்பம். அவள் கையைப் பிடித்து இறக்கினேன். கழுத்தில் தொங்கிய ஷூக்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். "உள்ளயும் வருதுப்பா."

"என்னாடி வருது?" என்றாள் என் மனைவி, ஆரத்தித் தட்டு மாதிரி காபித் தம்ளரை ஏந்திக்கொண்டு. அம்மா கட்டிப்பிடித்தபோது அவள் மூச்சை நிறுத்திக்கொண்டதை நான் பார்த்தேன். தலையணையை மோந்து பார்த்தாள். ஸ்கூல் யூனிபார்மை மோந்து பார்த்தாள். எல்லாவற்றையும் மறுபடி துவைத்துப் போட்டாள். சோற்றைத் தட்டோடு மொட்டைமாடிக்கு எடுத்துப் போனாள். அங்கே இன்னும் ஜாஸ்தி என்று திரும்பி வந்தாள். என் மனைவி ஒன்றும் கேட்காமல் தினம் இரண்டு தடவை குளிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரக் கடைசியில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இப்ப?"

கையிலிருந்த கவளத்தை வைத்துவிட்டு மூச்சை ஆழமாக இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள்.

"இல்லப்பா," என்றாள். "போயிடுச்சி."

"அப்பாடா," என்றாள் என் மனைவி.

மச்சான் தைத்த பையைப் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். தினமும் அதில்தான் சோறு எடுத்துப் போகிறார். நீலப் பட்டியும் சீட் பெல்ட் நாடாவுமாக ரொம்ப ஸ்டைலாக இருக்கிறது. கம்பெனியில் நாலு பேர் விசாரித்தார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்குக் கிளம்பும்போது, வேறு ஏதாவது பை பார்க்கட்டுமா என்று கேட்டேன். போனில் ஒன்று விலை குறைந்திருந்தது. அவள் வேண்டாம் என்றாள். பழைய கட்டைப்பையை எடுத்து, மணப்பெண்ணின் கழுத்தில் கிழிந்திருந்த இடத்தை மஞ்சள் நூலால் தைத்து வைத்திருந்தாள். ஷூ இரண்டையும் அதற்குள் இறக்கினாள்.

"எந்தப் பைல எடுத்துட்டுப் போனாலும் அவுங்களுக்குத் தெரியும்ப்பா," என்றாள். "எனக்குத்தான் தெரியாது."

பஸ் வந்தது. ஷட்டர்கள் எல்லாம் மூடியிருந்தன. ஏறினோம்.